ஒரு நிமிஷம், இறக்கி ஏத்தறேன்

அந்த லிஃப்ட் கம்பெனியில் அவனுக்குப் பம்பரம் என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை, ஆனால் வைத்தவர் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். டீ குடிக்கக்கூட உட்கார மாட்டான். கிளாஸைக் கையில் பிடித்தபடி வாசலுக்கும் பட்டறைக்கும் நடந்துகொண்டே குடிப்பான். எதிரில் பேசிக்கொண்டிருப்பவரின் சட்டையில் ஒரு பொத்தான் தளர்ந்திருந்தால் போதும், பேச்சு போகிற இடம் போகட்டும் என்று பொத்தானைத் திருகிப் பார்ப்பான். கல்யாணத்தன்று தலைக்கு மேலே ஃபேன் கிறீச்சிடுகிறது என்று மாலையோடு எழுந்து ஸ்டூல் கேட்ட மனுஷன் இவர் என்று அவன் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரித்தாளா என்று அவன் கேட்டதில்லை.

வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டுகிறார்கள் என்றால் சூப்பர்வைசர் முதலில் தேடுவது பம்பரத்தைத்தான். மொட்டை மாடிக்கு மேலிருக்கும் மெஷின் ரூமுக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவான். போனதும் மெயினை இறக்குவான். கொஞ்சம் பொறுப்பான். மறுபடி ஏற்றுவான். பாதிக் கோளாறு அதிலேயே ஓடிவிடும். இறக்கி ஏத்து என்பதுதான் அந்தத் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பது. அதில் நஷ்டமும் கிடையாது. கரண்ட் போனாலும் லிஃப்ட் நின்ற இடத்தில் நிற்கும், பிரேக் கவ்விக்கொண்டிருக்கும், திரும்பக் கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலையைப் பார்க்கும். பம்பரம் வீட்டு மிக்ஸியையும் டிவியையும் ரவுட்டரையும் இப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்தான். கடைசியில் சர்வரையும் இப்படியே வழிக்குக் கொண்டுவரப் பார்த்தான் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

மனைவி நர்ஸ். வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்கு அழைத்தபோது, "போகட்டுமாங்க?" என்று அவனிடம் கேட்டாள். அவன் அப்போது அயர்ன் பாக்ஸைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். "உன் இஷ்டம்" என்றான். மனசாரத்தான் சொன்னான். பெண்டாட்டி ஆசைப்பட்டதைத் தடுத்தவன் என்ற பேச்சு வரக்கூடாது என்பது அவன் எண்ணம். அவளும் போனாள். இரண்டு வருஷ ஒப்பந்தம்.

வீட்டில் மிஞ்சியது அவனும் மாமனாரும். மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஒரே மகள், அதனால் கல்யாணம் ஆனதிலிருந்தே இவர்களோடுதான் இருக்கிறார். வாழ்நாளெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே பிழைத்த மனிதர், இப்போது உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். மருமகன் கூடத்துக்கும் அடுப்படிக்கும் அலைவதைப் பார்த்து, "ஒரு ஸ்டாப்லயாவது நில்லுங்களேன் மாப்ள" என்பார். மகளைப் பற்றி யாராவது விசாரித்தால், "நல்லா இருக்கா, அவ பொழப்பை அவ பாக்கட்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

ஒப்பந்தம் முடியப்போகிறது. ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். இதை அவனிடமும் அதே வார்த்தையில்தான் சொன்னாள்: "யோசிச்சு சொல்றேன்னு சொல்லியிருக்கேங்க." யோசிக்க என்ன இருக்கிறது? வருகிறவள் யோசிப்பாளா? இந்த ஒரு வார்த்தை பம்பரத்தின் மண்டையைக் குடைந்தெடுத்தது. மெஷின் ரூமில் கயிற்றுக்கு எண்ணெய் போடும்போதும் அதே நினைப்பு, குளிக்கும்போதும் அதே நினைப்பு. வந்துவிடு என்று வாய்விட்டுச் சொல்லலாம்தான். ஆனால் நான் சொன்னால் அது கட்டாயப்படுத்தியதாகிவிடுமே, அவளாக வந்தால்தானே வந்ததுபோல் இருக்கும் என்று அவனுக்கு ஒரு கணக்கு. அவள் வருவாளா மாட்டாளா என்று தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதைக் கேட்கவும் மாட்டான். இப்படி ஒரு பிறவி.

ஃபோனில் அவர்களுக்குப் பேச்சு வராது. "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "ஆச்சு." அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சு விடும் சத்தம்தான். அவர்கள் நன்றாகப் பேசியது ஒரே ஓர் இடத்தில், அது ஒரு விளையாட்டுக்குள். கட்டம் கட்டமாக மண்ணையும் மரத்தையும் வெட்டி வீடு கட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு. அவளோடு தங்கியிருந்த இன்னொரு நர்ஸ் கற்றுக்கொடுத்து, அவள் இவனுக்குக் கற்றுக்கொடுத்தாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, திரையில் இரண்டு பொம்மைகளாக இருவரும் ஒரே காட்டில் மரம் வெட்டுவார்கள். கை வேலையாக இருந்தால் அவனுக்கும் வாய் திறக்கும், அவளுக்கும் திறக்கும். வார்டில் செத்துப்போன கிழவரைப் பற்றி, தன் அறை ஜன்னலில் தெரியும் சுவரைப் பற்றி, மழை நாளில் அப்பாவின் இருமல் ஞாபகம் வருவதைப் பற்றியெல்லாம் அவள் சொன்னது அங்கேதான்.

அந்த வீடு இருந்தது யார் யாரோ வந்து விளையாடும் பொது சர்வரில். ஒருநாள் உள்ளே போனால் கூரை இல்லை. எந்தப் புண்ணியவானோ தீ வைத்துவிட்டுப் பெட்டியிலிருந்ததையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறான். அவள் எரிந்துபோன வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். "விடுங்க. எனக்கு இனிமே மனசு வராது" என்று வெளியே போய்விட்டாள். அதன்பிறகு மறுபடி சாப்டியா, ஆச்சு.

பம்பரம் அப்படியே விடுகிற ஆளா? முடிவு சொல்ல வேண்டிய நேரம் பார்த்து இருக்கிற ஒரே வாசலும் போனால் எப்படி? கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர் அவனுக்குப் பழக்கம். அவர் கடை இருக்கும் கட்டடத்து லிஃப்ட்டை இவன்தான் பார்க்கிறான். "அண்ணே, எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தனியா ஒரு இடம் வேணும். வேற ஒரு பய உள்ள வரக்கூடாது" என்று போய் நின்றான்.

"அதுக்கென்ன, உன் வீட்டு கம்ப்யூட்டரையே சர்வர் ஆக்கிடு. நீ ஓட்டு, அவங்க அங்கேர்ந்து உன் வீட்டுக்குள்ள வரட்டும்" என்றார் கடைக்காரர்.

உன் வீட்டுக்குள்ள வரட்டும் என்ற சொல்லில் ஆள் விழுந்துவிட்டான்.

பழைய கம்ப்யூட்டருக்கு மெமரி கூட்டினான். கூடத்தின் மூலையில், மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் அதை வைத்தான். சர்வர் மென்பொருளை இறக்கினான், ஓட்டினான், அது உடனே நின்றது. நிபந்தனைகளுக்குச் சம்மதம் என்று ஒரு கோப்பைத் திறந்து எழுதிவைத்தால்தான் ஓடுவேன் என்றது. எழுதினான், ஓடியது. அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து அவனால் உள்ளே போக முடிந்தது, அவளால் முடியவில்லை. வெளியிலிருந்து வருகிறவருக்கு ரவுட்டரில் ஒரு வாசல் திறந்துவிட வேண்டுமாம். திறந்தான். அப்போதும் முடியவில்லை. இன்டர்நெட் கம்பெனிக்காரன் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைக் கொடுத்திருக்கிறான், வெளியிலிருந்து தேடி வருகிறவருக்கு எந்த வீடு என்று எப்படித் தெரியும்? தனி முகவரி வேண்டும் என்று அவர்களுக்கு ஃபோன் மேல் ஃபோன் போட்டு, ஒற்றைக்காலில் நின்று வாங்கினான். யார் யார் வரலாம் என்ற இடத்தில் தன் பெயரையும் அவள் பெயரையும் மட்டும் எழுதினான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மாமனார், "இது என்ன மாப்ள, ராத்திரி பகலா இந்தப் பொட்டி உறுமுது?" என்று கேட்டார்.

"சர்வர் மாமா."

"சர்வர்னா நமக்குத் தட்டுல வைப்பான். இது உங்க தூக்கத்தையில்ல திங்குது."

"உங்க பொண்ணு வந்து போறதுக்குத்தான் மாமா."

மாமனார் அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அதன்பிறகு உறுமலைப் பற்றிக் குறை சொல்லவே இல்லை.

அவள் வந்தாள். வெறும் புல்வெளியில் அவள் பொம்மை வந்து இறங்கியதைப் பார்த்ததும் பம்பரத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஏங்க, இது முழுக்க நம்மதா?" என்று கேட்டாள். "முழுக்க நம்மது. கண்ணுக்கெட்டின வரைக்கும் நம்மது" என்றான். ஆற்றங்கரை பார்த்து இடம் பிடித்தார்கள். இந்த முறை கல்லில் கட்டலாம் என்றாள். முதலில் ஒரு கூடம். அப்புறம் ஓர் அறை. கூடத்தை ஒட்டி இன்னொரு சின்ன அறையை அவளே கட்டினாள். "இது யாருக்கு?" என்றான். "அப்பாவுக்கு. அவர் எங்க ஏறி வரப்போறாரு, ஆனாலும் இருக்கட்டும்" என்றாள். வீட்டைச் சுற்றி ஒரு தோட்டச் சுவர் எடுக்க ஆரம்பித்தாள். அது வளர்ந்துகொண்டே போனது.

இங்கே நிறுத்தியிருந்தால் கதை நன்றாகத்தான் முடிந்திருக்கும். கை சும்மா இருந்தால்தானே?

அவள் சுவர் வைத்துக்கொண்டிருப்பாள், இவன் இந்தப் பக்கம் சர்வரின் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதில் என்னவோ வரிகள் ஓடும். மெதுவாகிறது என்று ஒரு வரி வந்தால் போதும், இவனுக்கு உள்ளங்கை அரிக்கும். "ஒரு நிமிஷம், இறக்கி ஏத்தறேன்" என்பான். அவள் கையில் கல்லோடு வெளியே தூக்கியெறியப்படுவாள். திரும்பி வருவாள். ஒரு செட்டிங்கை மாற்றிப் பார்க்கிறேன் என்று மறுபடி இறக்குவான். புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று மறுபடி. முதலில் அவள் சிரித்தாள். "இது வீடா, லிஃப்ட்டா? நான் ஏறறதுக்குள்ள கதவைச் சாத்தறீங்க" என்று கிண்டல் செய்தாள். அப்புறம் கிண்டல் குறைந்தது.

கடைக்காரர் எச்சரித்திருந்தார். "தம்பி, லிஃப்ட் மாதிரி டக்குனு பிடுங்கிடாத. அவங்க வச்ச கல்லெல்லாம் முதல்ல மெமரியிலதான் இருக்கும். நிறுத்துன்னு ஒரு வார்த்தை டைப் பண்ணு, அது எல்லாத்தையும் எழுதி வச்சுட்டுத் தானா நிக்கும். அப்புறம் ஆஃப் பண்ணு. தினம் ஒரு காப்பியும் எடுத்து வச்சுக்க." பம்பரம் தலையை ஆட்டினான். காப்பி தானாக எடுக்கும்படி செய்துவைத்தான். நிறுத்து என்று டைப் செய்யவும் செய்தான், பெரும்பாலும்.

அடுத்து இன்னொன்று. ஆள் இல்லாத இடத்தில் மெஷின் ஓடக்கூடாது என்பது அவனுக்கு ரத்தத்தில் ஊறியது. அதனால் வேலைக்குக் கிளம்பும்போது சர்வரை அணைத்துவிட்டுப் போவான். ஒருநாள் மாமனார்தான் சொன்னார்: "நேத்து பொண்ணு எனக்கு ஃபோன் பண்ணிச்சு மாப்ள. நம்ம ஏரியால கரண்ட் இல்லையாப்பான்னு கேட்டுச்சு. இருக்கேம்மான்னேன். ப்ரேக்ல வந்து பாக்குதாம், பொட்டி எப்பவும் அணைஞ்சே கிடக்குதாம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"உங்ககிட்ட சொன்னா நீங்க அதையும் கழட்டிப் பாப்பீங்கன்னு பயந்திருக்கும்."

மறுநாளிலிருந்து அணைக்காமல் போனான். அதுவும் நிம்மதியாகப் போகவில்லை. மெஷின் ரூமிலிருந்து வீட்டுக்கு ஃபோன் போடுவான். "மாமா, பொட்டியில பச்சை லைட் எரியுதா பாருங்க." "எரியுது." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "சூடா இருக்கா, தொட்டுப் பாருங்க." "இதமா இருக்கு மாப்ள." மறுபடி. கடைசியில் மாமனார், "பச்சை லைட் எரியுது, சிவப்பு லைட் எரியுது, கூடவே என் வயிறும் எரியுது. வேலையைப் பாருங்க" என்று வைத்துவிட்டார். கீழே பத்திரமாகக் கதவைத் திறந்து ஆட்களை இறக்க வேண்டிய நேரத்தில் மேலே ஃபோனில் நின்றான் என்று சூப்பர்வைசரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அந்த நாள் வந்தது. அவனுக்கு வார விடுமுறை. ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்ல அன்றைக்கே கடைசி. அவர்கள் ஆபீஸ் அங்கே மதியத்தோடு மூடிவிடும், அது இங்கே விளக்கு வைக்கும் நேரம். பம்பரம் காலையிலிருந்து இருப்புக்கொள்ளாமல் அலைந்தான். தண்ணீர்க் குழாயைக் கழற்றி மாட்டினான். கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டான். மாமனாரின் நாற்காலிக் காலைத் தட்டிப் பார்த்து ஆணி அடித்தான், அதுவும் அவர் உட்கார்ந்திருக்கும்போதே.

மத்தியானம் அவள் ஃபோன் செய்தாள். "நான் இன்னைக்கு லீவு போட்டிருக்கேங்க. நம்ம வீட்டுக்கு வாங்க, கொஞ்சம் பேசணும்."

நம்ம வீடு என்றால் அந்த வீடு. இவன் ஓடிப்போய் உட்கார்ந்தான். அவள் பொம்மை ஆற்றைப் பார்த்தபடி தோட்டச் சுவரின் மேல் நின்றது. அன்று காலையில் அவள் வந்து அந்தச் சுவரை முடித்திருக்கிறாள். வளைவு வைத்து, வாசல் வைத்து, இரண்டு பக்கமும் விளக்கும் வைத்திருக்கிறாள். இவன் பொம்மையும் ஏறிப் பக்கத்தில் போய் நின்றது.

"ஏங்க."

"சொல்லு."

"நான் ஒண்ணு கேக்கணும். வேற எதையும் பண்ணாம கேளுங்க."

"கேளு, கேளு."

அவள் உடனே கேட்கவில்லை. அவள் பொம்மை ஓரடி நகர்ந்தது, நகர்ந்த இடத்திலிருந்து பின்னால் வந்தது, மறுபடி நகர்ந்தது. விளக்கு வெட்டி வெட்டித் தெரிந்தது. இவன் கண் கறுப்புத் திரைக்குப் போனது. மெதுவாகிறது என்று வரி மேல் வரியாக ஓடிக்கொண்டிருந்தது.

"நீ ரெண்டு ரெண்டா தெரியறே" என்றான்.

"பரவால்ல, விடுங்க. நான் கேக்கறது காதுல விழுந்தா போதும்."

"இல்ல, சிக்குது. ஒரு நிமிஷம், இறக்கி ஏத்தறேன்."

"வேணாங்க, இப்ப வேணாம்..."

நிறுத்து என்று டைப் செய்தான். திரை அசையவில்லை. மறுபடி அடித்தான், அசையவில்லை. அவன் கை அவனைக் கேட்டா போகிறது? மெஷின் ரூமில் போவதுபோல் நேராகச் சுவருக்குப் போய் சுவிட்சை இறக்கியது. கொஞ்சம் பொறுத்து ஏற்றியது. கம்ப்யூட்டர் வந்தது. சர்வர் வரவில்லை. உலகத்தைப் படிக்க முடியவில்லை, கோப்பு கெட்டுவிட்டது என்றது.

அது எழுதி வைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பிடுங்கியிருக்கிறான்.

"என்னாச்சுங்க?" என்றாள் ஸ்பீக்கரில்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. இரு."

"நேத்து காப்பி இருக்குல்ல? அதை ஏத்துங்க, போதும்."

"அதுல உன் சுவர் பாதிதானே இருக்கும்? இன்னைக்கு முடிச்சது போயிடும்."

"போனா போகுது. மறுபடி கட்டிக்கலாம். இல்லாட்டி ஃபோன்லயே கேக்கறேன், கேளுங்க."

"இரு, முழுசா மீட்டுடறேன். அவ்ளோ அழகா கட்டியிருந்தியே."

அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான், அதில் சந்தேகம் வேண்டாம். அவள் கட்டியதைத் தானே உடைத்துவிட்டோம் என்ற குற்றவுணர்ச்சி அவனைப் பிடித்து ஆட்டியது. இன்றைக்குப் பார்த்து, அவள் முடிவெடுக்கிற நாளில், அவளுக்கு இடிந்த சுவரையா காட்டுவது? கெட்டுப்போன கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். மீட்டெடுக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கினான். "ஏங்க, நான் என்ன கேக்க வந்தேன்னா..." என்று அவள் ஆரம்பித்தாள். "கடைக்காரர் லைன்ல வராரு, ஒரு நிமிஷம்" என்று அவளை நிறுத்திவைத்துவிட்டு அவரோடு பேசினான். திரும்பி வந்தபோதும் அவள் இருந்தாள். "சாப்டீங்களா?" என்று கேட்டாள். "அப்புறம், அப்புறம்" என்றான். மறுபடி ஆரம்பித்தாள். "இதோ வருது, வருது, பேசாம இரு" என்றான். பேசாமல் இரு என்று அவளிடம் சொன்னதே அவனுக்குத் தெரியாது. அவ்வளவு மும்முரம். அவள் பேசாமல் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் லைன் துண்டாகியிருந்தது. அதையும் அவன் அப்புறம்தான் கவனித்தான்.

சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்திருந்த மாமனார் எழுந்து வந்து கூடத்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பொண்ணு என்ன சொல்லுது மாப்ள?"

"கேக்கறேன் மாமா. இதோ, முடிஞ்சதும் கேக்கறேன்."

"அப்படியே நான்..." என்று ஏதோ சொல்ல வந்தவர், "சரி, நீங்க பாருங்க" என்று திரும்பிப் போய்விட்டார்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் சர்வர் எழுந்தது. பம்பரம் உள்ளே போய்ப் பார்த்தான். கூடம் இருந்தது, அறைகள் இருந்தன. தோட்டச் சுவர் வளைவோடும் வாசலோடும் விளக்குகளோடும் முழுசாக இருந்தது. ஒரு கல் குறையவில்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே அவளுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். "வா, வந்து பாரு. அத்தனையும் மீட்டுட்டேன்."

அவள் வந்தாள். பொம்மை சுவரின் மேல் வந்து நின்றது. சிக்கல் இல்லை, வெட்டல் இல்லை, தெளிவாகத் தெரிந்தது.

"நல்லாயிருக்குங்க" என்றாள்.

"பாத்தியா? விடுவேனா நான்? சரி, சொல்லு. என்னமோ கேக்கணும்னியே."

"ஒண்ணுமில்லீங்க. அது முடிஞ்சுபோச்சு."

"எது முடிஞ்சுபோச்சு?"

"ஆபீஸ் மூடறதுக்கு முன்னாடி போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். இன்னும் ரெண்டு வருஷம்."

அவன் கை விசைப்பலகையிலிருந்து விழுந்தது. "என்ன கேக்கணும்னு இருந்தே?" என்றான்.

"நான் திரும்பி வந்தா உங்களுக்கு சந்தோஷமான்னு கேக்கணும்னு இருந்தேன்."

"இதெல்லாம் கேக்கணுமா? இத்தனை நாளா நான் என்ன பண்ணிட்டிருந்தேன்? யாருக்காக இதையெல்லாம் உட்கார்ந்து..."

"நீங்க கம்ப்யூட்டரைப் பாத்துட்டிருந்தீங்க. போகட்டுமான்னு கேட்டப்ப உன் இஷ்டம்னீங்க. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட வான்னு சொல்லல. இந்த மாசம் பூராவும் இன்னைக்கு சொல்வீங்க, நாளைக்கு சொல்வீங்கன்னு பாத்தேன். சரி, நானே கேட்டுடலாம்னு வந்தேன்."

"நான் சொன்னா உன்னைக் கட்டாயப்படுத்தின மாதிரி ஆயிடுமேன்னு..."

"கட்டாயப்படுத்தியிருக்கலாமே" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வந்துடு" என்றான் அவன். இரண்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்த சொல், இப்போது எவ்வளவு சுலபமாக வந்தது. "எனக்கு நீ இல்லாம முடியல. ராத்திரி தூக்கமில்ல. வீட்டுல எதைத் தொட்டாலும் கழட்டிப் போட்டுடறேன், மறுபடி மாட்டத் தோண மாட்டேங்குது. வந்துடும்மா."

"போட்டது போட்டதுதாங்க. இடையில விட மாட்டாங்க. மத்தியானம் சொல்லியிருந்தீங்கன்னா..." என்றாள்.

மத்தியானம் அவ்வளவு நேரம் அவள் ஃபோனில்தான் இருந்தாள். ஒரு சொல் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அவன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தான். செய்வதற்கு ஒன்றுமில்லை.

மாமனார் உள்ளறையிலிருந்து மெல்ல நடந்து வந்து, பக்கத்திலிருந்த தன் நாற்காலியில் கையை ஊன்றி உட்கார்ந்தார். "முடிவு சொல்லிடுச்சா மாப்ள? எப்ப வராளாம்?"

"ரெண்டு வருஷம் ஆகும் மாமா. கையெழுத்துப் போட்டுட்டா. அவ கேக்க வந்தா, நான்தான் காது கொடுக்கல. தப்பு என்னுதுதான்."

மாமனார் அவனைத் திட்டவில்லை. திரையில் தெரிந்த கல் வீட்டையும் அதன் சின்ன அறையையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நானும்தான் வாயைத் திறக்கல" என்றார். "அவ பொழப்பு கெடக்கூடாதேன்னு இருந்துட்டேன். ஆனா ரெண்டு வருஷம்னா, அது வரைக்கும் எனக்குத் தாங்காது மாப்ள. உள்ளுக்குள்ள எனக்குத் தெரியுது. நல்லவேளை, அவகிட்ட இதைச் சொல்லித் தொலைக்கல."

பம்பரம் ஃபோனைப் பார்த்தான். லைன் இன்னும் துண்டிக்கப்படவில்லை, ஸ்பீக்கரும் அப்படியே இருந்தது.

"அப்பா" என்றாள் அவள்.